கைராசி

விஜயநகர், மைசூர்
11.6.2023

அன்புள்ள அண்ணனுக்கு, அஷ்வினி எழுதிக்கொள்வது.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு முட்டி வீக்கம் வடிந்ததா? மாதேஸ்வரன் மலையில் மழை பிடித்துக்கொண்டது என்று கொள்ளேகால் பஸ்ஸில் வந்த ஓர் அம்மா சொன்னார். கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டிவிடுங்கள். போன வருஷம் விபூதிப் பொட்டலமெல்லாம் நனைந்து வீணாய்ப் போயிற்றே.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் ஏஜென்சியில் புதுச் சட்டம். நோயாளி வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிற பெண்கள் போனை வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கையில் தருவார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் மலையில் சிக்னல் இருக்காது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்து மறக்காமல் இருக்கும்.

குவெம்புநகரில் நான் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மே மாதம் தவறிவிட்டார். இப்போது நஞ்சுண்டசாமி என்கிற ஓய்வுபெற்ற கல்லூரி வாத்தியார் வீட்டில் இருக்கிறேன். பக்கவாதம். வலது கையும் காலும் வராது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். நான் வந்த அன்று அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு வருஷம் தூங்காத முகங்கள். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீவு பந்த்ரல்லா, அஷ்டே சாக்கு" என்று கண் கலங்கினாள். நீங்கள் வந்தீர்களே, அதுவே போதும் என்று.

பெரியவருக்கு நானே முகம் மழித்துவிடுகிறேன். வலது கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிறார். இரண்டு மாதத்தில் தானாகவே நடப்பார் என்று பிசியோதெரபிக்காரர் சொல்கிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை,
அஷ்வினி

*

மாதேஸ்வரன் மலை
2.7.2023

அன்புத் தங்கை அஷ்வினிக்கு அண்ணன் முரளிதரன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணியின் முட்டி அப்படியேதான் இருக்கிறது; நின்று வியாபாரம் பார்க்கிற பிழைப்பில் அது எப்படி வடியும்? தார்ப்பாய் கட்டியாயிற்று. அமாவாசைக்கு நல்ல கூட்டம்.

ஆடியில் அப்பாவின் திதி வருகிறது. அதற்கு நீ வராவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உனக்கு அவர் பேரில் என்ன பாசம் இருந்துவிடப் போகிறது? ஆனால் புரட்டாசியில் அம்மாவின் திதிக்குக் கட்டாயம் வர வேண்டும். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் படுத்த அந்தப் பத்து நாள் நீ மைசூரிலிருந்து ஓடிவந்து, மூத்திரத் துணி முதற்கொண்டு அலசிப்போட்டுப் பார்த்துக்கொண்டதை இந்த மலையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். "பொறந்தா அப்படி ஒரு புள்ள பொறக்கோணும்"ங்கறார் பக்கத்துக் கடைக்காரர்.

ஹனூரில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். மனைவி இறந்தவர், குழந்தை இல்லை. உனக்கு முப்பத்தி நாலு ஆகிவிட்டது அம்மிணி. பார்க்கட்டுமா?

அந்த வாத்தியார் நடக்கத் தொடங்கியது கேட்டுச் சந்தோஷம். உன் கைராசி அப்படி.

உன் அண்ணன்,
முரளிதரன்

*

மைசூர்
9.8.2023

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நீங்கள் எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன். நானும் நலம். பதில் எழுதத் தாமதம் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு மாறினேன்.

நஞ்சுண்டசாமி சார் ஜூலை இருபதாம் தேதி மத்தியானம் போய்விட்டார். தூக்கத்திலேயே. மகனும் மருமகளும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான்தான் வீட்டு போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இரண்டாவது தடவை அடைப்பு வந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

மகன் முதலில் அழுதான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் தூங்கிவிட்டான் அண்ணா. எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து என்னிடம்தான் கேட்டார்கள்: கடைசியில் என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், கஷ்டப்பட்டாரா? நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருவர் முகமாக இளகியது. பதினோராம் நாள் குடும்பத்தோடு என்னையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். மருமகள் எனக்குப் பட்டுப்புடவை கொடுத்தாள். நீ எங்கள் வீட்டுப் பெண் என்றாள்.

இப்போது கோகுலம் ஏரியாவில் பொன்னம்மா என்கிற குடகுக்கார அம்மா. எண்பத்தொன்று. சர்க்கரை வியாதியில் காலில் ஆறாத புண். நல்ல கோபக்காரி. என்னை இரண்டு தடவை கிள்ளிவிட்டாள்.

மாப்பிள்ளை எல்லாம் வேண்டாம் அண்ணா. எனக்கு இந்த வேலையே போதும்.

அஷ்வினி

*

மாதேஸ்வரன் மலை
20.8.2023

அன்புள்ள அஷ்வினிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அப்பாவின் திதியை முடித்தேன். ஐயர் வரவில்லை, நானே எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

அந்த வாத்தியார் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தாயே. இரண்டு மாதத்தில் தானாக நடப்பார் என்று. அதற்குள் என்ன ஆயிற்று? கேட்கத் தோன்றியது, கேட்டேன். வயதானவர்கள் விஷயம் நமக்கு என்ன தெரியும்.

பொன்னம்மாவிடம் பொறுமையாக இரு. கிள்ளினால் கிள்ளிவிட்டுப் போகட்டும். புண் ஆறினால் கோபமும் ஆறிவிடும்.

புரட்டாசிக்கு வா.

முரளிதரன்

*

மைசூர்
5.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமா? தீபாவளிக்கு மலையில் தேர் என்றால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அம்மாவின் திதிக்கு வர முடியவில்லை. பொன்னம்மாவை விட்டுவிட்டு நகர முடியாத நிலை.

அவரும் போய்விட்டார். தசரா ஊர்வலத்தன்று. வீட்டில் எல்லோரும் யானை பார்க்கக் கிளம்பினார்கள். "நீயும் வாம்மா, பாட்டியைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்று பேரன் கூப்பிட்டான். நான் போகவில்லை. மைசூரில் பதினோரு வருஷம் இருந்தும் நான் அந்த ஊர்வலத்தைப் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாக பேண்டு சத்தம் கொஞ்சம் கேட்டது. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

புண் நன்றாக ஆறிவந்ததுதான். அதனால் என்ன அண்ணா? ஆறினாலும் என்ன?

அன்றைக்கு எனக்கு நம் ஹனூர் வீடு ஞாபகம் வந்தது. அப்பா போன அன்று. நீங்கள் காப்பி போட்டீர்கள், சர்க்கரை அள்ளிக் கொட்டி. அம்மா முதல் தடவையாக வெயில் இருக்கும்போதே பாய் விரித்துப் படுத்தாள். கல் குவாரியில் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகும் கட்டிலில் கிடந்தபடியே அந்த மனுஷன் எறிந்த டம்ளர் தழும்பு அவள் நெற்றியில் இருந்தது. அதன்மேல் ஈ உட்கார்ந்தது. அதைக்கூட விரட்டாமல் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.

எனக்குப் பதினைந்து வயது. உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

அஷ்வினி

*

மாதேஸ்வரன் மலை
14.2.2024

அஷ்வினிக்கு,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு தடவை எழுதத் தொடங்கினேன். நாலு தடவையும் கிழித்துப் போட்டேன்.

ஜனவரியில் நான் மைசூருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உன் ஏஜென்சி ஆபீசுக்குப் போனேன். ரூபா என்கிற அந்த அம்மா நன்றாகத்தான் தமிழ் பேசினார். உன் அண்ணன் என்றதும் எழுந்து நின்று சேர் போட்டார்.

"உங்க தங்கச்சி நம்ம ஏஜென்சிக்கு ஆஸ்தி சார். எல்லாரும் அஷ்வினியே பேக்கு அந்தாரே, அவதான் வேணும்ங்கறாங்க. அவ இருந்தா பெரியவங்க கஷ்டப்படாம போயிடறாங்க. அந்த மாதிரி கைராசி."

"எத்தன பேருங்க போயிருக்காங்க?"

"லெக்கா எல்லாம் யாரு வெச்சாங்க சார்? வயசானவங்க தானே." பிறகு அவரே விரல் விட்டு எண்ணினார். எட்டில் நின்றது. அப்புறம் விரலை மடக்கிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார்.

மூன்று வருஷத்தில் எட்டுப் பேர் அம்மிணி.

உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். கொள்ளேகால் வரும்வரை எனக்கு எதிர் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுகூடத் தெரியாது.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. கஞ்சி டம்ளரோடு நான் கதவைத் திறந்தேன். அப்பாவின் முகத்தின்மேல் தலையணை இருந்தது, அதன்மேல் உன் இரண்டு கையும் இருந்தன. கால் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. நான் உன்னை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன், உள்பக்கமாக. எல்லாம் அடங்கியபின் உன் தலையில் கை வைத்து, "நல்லதுதான் செஞ்ச அம்மிணி, யாருகிட்டயும் சொல்லாத" என்றேன். எனக்கு இருபத்தொரு வயது. அந்த வீட்டில் நான்தான் ஆண்பிள்ளை. என்னால் செய்ய முடியாததை நீ செய்துவிட்டாய் என்று அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதி. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அது ஒன்றோடு போயிற்று என்று பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு ஜுரம் விட்டு எட்டாம் நாள் இட்லி கேட்டாள். ஒன்பதாம் நாள் கொல்லைவரை நடந்தாள். பத்தாம் நாள் நான் சந்தைக்குப் போய்விட்டு வருவதற்குள் செத்துப்போயிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றாய்.

சொல், அம்மிணி. நான் தப்பாக நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

முரளிதரன்

*

விஜயநகர், மைசூர்
25.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் வேண்டுகிறேன். அண்ணிக்கு முட்டியில் தடவ ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது மலைக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

திரும்ப விஜயநகரிலேயே வேலை கிடைத்திருக்கிறது. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீடு. பத்மாஸினி அம்மாவுக்கு எழுபது வயது. பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் வீட்டுக்காரர் திருநாராயணன் பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர். பிள்ளைகள் வெளிநாட்டில். என்னிடம் இருவரும் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டுத் தமிழ் எனக்குப் பாதி புரியாது. ரசத்தைச் சாத்தமுது என்கிறார்கள். நான் தினமும் பத்மாஸினி அம்மாவின் தலையை வாரிப் பின்னி மல்லிகை வைக்கிறேன். வெள்ளை முடி, ஆனால் இடுப்புவரை நீளம். "நீ எனக்குப் பெண்ணாப் பொறந்திருக்கப்படாதா" என்று என் கன்னத்தைத் தடவுவார்.

நன்றாகத் தேறிவருகிறார். இன்னும் மூன்று வாரத்தில் ஆள் வேண்டியிருக்காது என்று அவர் வீட்டுக்காரர் நேற்று ஏஜென்சிக்குப் போன் செய்து சொன்னார்.

சிவராத்திரிக்குக் கூட்டம் அதிகம் வரும். தண்ணீர் நிறைய குடியுங்கள்.

அஷ்வினி

*

மாதேஸ்வரன் மலை
3.3.2024

அஷ்வினி,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

சிவராத்திரிக்குள் அந்த வீட்டை விட்டு வந்துவிடு. அதாவது வெள்ளிக்கிழமைக்குள். ஏஜென்சியில் காரணம் எதையாவது சொல். இங்கே கடையில் என்னோடு உட்கார். உன்னைக் கேள்வி கேட்க மாட்டேன். அந்த அம்மாவைத் தொடாதே. என்மேல் ஆணை, அம்மிணி.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நீ வந்து இறங்கவில்லை என்றால் அதே பஸ்ஸில் நான் ஏறுவேன்.

முரளிதரன்

*

மாதேஸ்வரன் மலை
29.3.2024

அஷ்வினிக்கு,

சிறைக்கு எழுதும் கடிதத்தில் சுகமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சாப்பிடுகிறாயா?

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தை நீ அறிய மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

சிவராத்திரிக் கூட்டம் கடையை முட்டிக்கொண்டு நிற்கும்போது அண்ணியிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். ரூபா அம்மாவிடம் போனில் கேட்டு வாங்கிய முகவரியைக் காட்டிக் காட்டி, தண்ணீர் டேங்க் பக்கத்தில் இரண்டு தெரு தப்பிப் போய்த்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கேட்டைத் திறந்து நின்றேன். உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. உன் சிரிப்பு.

திருநாராயணன் ஐயா கதவைத் திறந்தார். நீ அந்த அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாய். அந்த அம்மா கண் செருகிச் செருகி விழித்தார். என்னைப் பார்த்ததும் நீ சீப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கெளம்பு அம்மிணி."

"மத்தியானத்து மாத்திரை குடுக்கோணும்ண்ணா. குடுத்துட்டு வந்தர்றேன். பத்து நிமிசம்."

அந்தப் பத்து நிமிஷம் என்ற வார்த்தையில்தான் எனக்கு வாய் திறந்தது. "ஐயா, இவ கையால இனி ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேண்டாம். போலீசுக்குப் போன் பண்ணுங்க. நான் இவ அண்ணன், நான்தான் சொல்றேன்."

அவருக்குப் புரியவில்லை. "என்னப்பா பேசறே? மூணு நாளா இவள் தூங்கித் தூங்கி விழறாளே, அதைச் சொல்றயா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை, பயம் இல்லை. நான் ஏதோ விளையாட்டில் தோற்றுவிட்டதைப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

மாத்திரை டப்பாவில் இரண்டு வாரத்துத் தூக்க மாத்திரை குறைந்திருந்தது என்றார்கள். அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது கோலைப் பிடித்து நடக்கிறார். இன்ஸ்பெக்டர் கேட்டதும் எட்டுப் பேரையும் நீயே ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டாயாம், தேதி முதற்கொண்டு. அப்பாவைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தேன். நான் கதவைச் சாத்தியதையும் எழுதினேன். என்மேலும் வழக்கு வரலாம் என்கிறார்கள். வரட்டும்.

ஸுஷ்மா என்று ஒரு பெண், மனநலம் படித்தவராம், என்னை இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டார். சின்ன வயசுல பூனை, நாய எல்லாம் துன்புறுத்துவாங்களா? நெருப்பு வெப்பாங்களா? தலையில அடி பட்டிருக்கா? யாராவது தப்பா நடந்துகிட்டாங்களா?

"இல்லீங்க. கால் ஒடிஞ்ச ஆட்டுக்குட்டிய ஒரு வருசம் மடியில வெச்சு வளத்தா."

"அந்த ஆடு என்ன ஆச்சு?"

அம்மிணி, கால் கூடியது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் அந்த ஆடு என்னவாயிற்று என்று இரண்டு வாரமாக நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு காரணத்துல யாரும் இப்படி ஆகறதில்ல என்றார் அந்தப் பெண். எனக்கு அது போதவில்லை. அப்பா அடித்ததாலா? நான் அன்று சொன்ன வார்த்தையாலா? நல்லது என்று நான் சொன்னதால்தான் அது உனக்கு நல்லதாகிவிட்டதா? அன்று உன்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் அம்மா உயிரோடு இருந்திருப்பாளா?

உன் அண்ணன்,
முரளிதரன்

*

சிறை, மைசூர்
18.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். இங்கே களி கொடுக்கிறார்கள், பரவாயில்லை. நீங்களும் அண்ணியும் சரியாகச் சாப்பிடுங்கள். பாப்பாவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று எழுதாதீர்கள்.

இங்கேயும் அந்த ஸுஷ்மா வந்தார். எல்லோருக்கும் காரணம் வேண்டியிருக்கிறது. அப்பா அடித்தார் என்று சொன்னால் உடனே எழுதிக்கொள்கிறார்கள். அப்பா உங்களையும்தான் அடித்தார், உங்களைத்தான் அதிகம் அடித்தார். நீங்கள் விபூதி விற்கிறீர்கள். அந்தக் கணக்கு சரியாக வரவில்லையே.

நீங்கள் சொன்ன வார்த்தையாலும் இல்லை. அதைச் சுமக்காதீர்கள். வார்த்தை எனக்கு அன்று காதில் சரியாக விழக்கூட இல்லை. நீங்கள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வைதான். அதுவரை அந்த வீட்டில் நான் என்ற ஒருத்தி இருந்ததை யார் பார்த்தார்கள்? அன்று நீங்கள் பார்த்தீர்கள். ஒரு மாதம் வரை எனக்கு மீன் வறுவலில் பெரிய துண்டு வைத்தீர்கள். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டீர்கள். அப்புறம் மறந்துவிட்டீர்கள்.

எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் அண்ணா. குவெம்புநகர் பெரியவருக்கு முன்னால் மூன்று பேரை நான் நல்லபடியாகத் தேற்றி எழுப்பிவிட்டிருக்கிறேன். எழுந்து நடந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு ஸ்வீட் டப்பா கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஒருவரை ஆறு மாதம் கழித்து தேவராஜ மார்க்கெட்டில் பார்த்தேன். எட்டு மாதம் நான் கழுவிவிட்ட மனுஷன். பூக்காரியிடம் சில்லறை கேட்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நோயாளி பிழைத்தால் நான் வேலைக்காரி. செத்தால் நான் வீட்டுப் பெண். நஞ்சுண்டசாமி சார் வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோவை மாட்டியிருந்தார்கள், போலீசார் கழற்றும்வரை இருந்தது.

இரக்கத்தால் செய்தேன் என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். சொல்லிவிடுவேன். உங்களிடம் மட்டும் பொய் எழுத மனசு வரவில்லை. அந்த நேரம் எனக்கு இரக்கம் எதுவும் இருக்காது. வீடு அமைதியாக இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வருவார்கள், வந்து என்னைத்தான் கேட்பார்கள் என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் இருக்குமே, அந்த மாதிரி.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்தாம் நாள் காலையில் தலை சீவிக்கொண்டே, "இனி நானே பாத்துக்குவேன், நீ மைசூருக்குக் கெளம்பு அம்மிணி, முரளிக்குத்தான் பாவம் அலைச்சல்" என்றாள். கடைசியிலும் உங்கள் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டாள்.

இங்கே என்னோடு நாலு பேர் ஒரே அறையில். அதில் கௌரம்மா என்று ஒரு கிழவி, மருமகளை எரித்த வழக்கு. மூச்சு இரைப்பு. பகலெல்லாம் இருமுகிறாள். மற்ற மூவரும் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். என்மேல் என்ன வழக்கு என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. மாத்திரை திருடியவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நர்ஸ் வேலை பார்த்தவள் என்று கேட்டதும், நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். நான்தான் முதுகைத் தடவி வெந்நீர் கொடுக்கிறேன். களியைக் கரைத்து ஊட்டுகிறேன். கொஞ்சம் தேறியிருக்கிறாள். நேற்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

அடுத்த வாரம் அவளுக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

அஷ்வினி

*

மைசூர்
22.6.2024

சிறைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மாதேஸ்வரன் மலையில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் முரளிதரன். அய்யாசாமி, சுந்தராம்பாள் என்பவர்களின் மகன். உங்கள் சிறையில் இருக்கும் அஷ்வினியின் அண்ணன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதத் தடுமாறும். அதனால் தமிழில் எழுதி, என் மனைவி பாக்கியலட்சுமி கன்னடத்தில் எழுதியதையும் கூட வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகிவிடும் என்பதால் நேரில் கொண்டு வந்திருக்கிறேன்.

என் தங்கை இருக்கும் அறையில் கௌரம்மா என்கிற வயதான அம்மா இருக்கிறார். அவரை என் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். அவள் யாரையும் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் விட்டதே இல்லை. அந்த அம்மா தேறிவருகிறார் என்று எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதைப் படித்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தேன். கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். தமிழ் தெரிந்தவர் யாரையாவது வைத்து இன்றைக்கே படித்துப் பாருங்கள்.

ஐயா, நான் ஒரு தடவை பார்த்தும் கதவைச் சாத்தினேன். இன்னொரு தடவை சந்தேகம் வந்தும் மூன்று மாதம் கடிதத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். அந்த மூன்று மாதத்தில் யாரும் சாகவில்லை என்பது என் புண்ணியம் அல்ல. இந்தத் தடவை தாமதம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

அவள் என் தங்கை. அவளை அடிக்க வேண்டாம், பட்டினி போட வேண்டாம். அந்த அம்மாவை மட்டும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்குள் வெந்நீரோ மாத்திரையோ எதுவானாலும் வேறு யாராவது கொடுக்கட்டும்.

காலையில் வாசலில் இருந்த காவலர், "சாஹேப்ரு மீட்டிங்ல இருக்காங்க, நாளைக்கு வா" என்றார். நாளைக்கு வர மாட்டேன். மாற்றியாயிற்று என்று உங்கள் ஆள் ஒருவர் வந்து சொல்லும்வரை இங்கே கேட்டுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
முரளிதரன்